கூட்டமில்லாத இடமாகப் பார்த்து இறங்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜனவரியில் உங்கள் ஞாயிறு இணைப்பில் சிட்னி கடற்கரைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. பிப்ரவரியில் மகளைப் பார்க்க நானும் மனைவியும் அங்கே கிளம்புவதாக இருந்ததால் அதைக் கத்தரித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கே நின்று படம் எடுக்கலாம், எந்த நேரத்து வெயில் முகத்துக்கு எடுப்பாக விழும், ஐஸ்கிரீமுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாம் இருந்தது. மேன்லி கடற்கரைப் பத்தியின் முடிவில் ஒரு யோசனையும் இருந்தது. கூட்டம் மொய்க்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி இறங்கினால் கடல் மொத்தமும் நமக்கே என்று.

அப்படியே செய்தேன். கடல் மொத்தமும் எனக்கே கிடைக்கத்தான் பார்த்தது.

எழுதியவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் தண்ணீரில் காலே வைத்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். எனக்கு 63 வயது. தபால் துறையில் 38 வருடம் ஓட்டியவன். நீச்சல் தெரியும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல். அந்தத் திமிர்தான் பாதிக் காரணம். மீதிப் பாதிக்கு உங்கள் இணைப்பிதழும் பங்கு ஏற்க வேண்டும்.

அன்று சனிக்கிழமை. மகளுக்கு வேலை இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் மேன்லி போய்ட்டு வாங்கப்பா, சாயந்தரம் சர்க்குலர் கீயில பார்க்கலாம், ராத்திரி வெளியில சாப்பிட்டுச் சுத்திட்டு வரலாம்" என்றாள். சர்க்குலர் கீ என்பது படகுத்துறை. ரயில் நிலையம் அதன் தலைக்கு மேலேயே நிற்கிறது. மூன்றாம் எண் மேடையில் வங்கி அட்டையைத் தட்டினால் கதவு திறக்கிறது. டிக்கெட் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. டிக்கெட்டைப் பத்திரப்படுத்தியே பழகிய என் மனைவிக்கு அன்று முழுவதும் கையில் ஏதோ குறைந்தது போலவே இருந்திருக்கிறது.

மேன்லிக்குப் போகும் பெரிய படகு பச்சையும் வெளிர் மஞ்சளுமாக இருக்கும். அதற்கு முன், பின் கிடையாது. இரண்டு பக்கமும் மூக்குதான். போனபடியே திரும்பி வந்துவிடும், வளைத்துத் திருப்பும் வேலையே இல்லை. அரை மணி நேரப் பயணம். ஓபரா ஹவுஸ் இடுப்பைத் தொடுகிற தூரத்தில் நழுவிப் போனது. நடுவில் ஓர் இடத்தில் வடமுனை, தென்முனை என்று இரண்டு பாறைத் தலைகளுக்கு இடையே வாசல் மாதிரி திறந்திருக்கிறது. அதற்கு அப்பால் பசிபிக். அந்த வாசலைக் கடக்கும்போது படகு தொட்டில் போல ஆடியது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான இந்த 35 வருடத்தில் பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. உள்துறைமுகம் வேறு, வெளிக்கடல் வேறு என்று அந்த ஆட்டம் எனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

துறையில் இறங்கி கோர்சோ என்ற கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் மறுபக்கம் கடல். கரையோரம் நெடுக நார்ஃபோக் பைன் மரங்கள், அடுக்கடுக்காகக் கை விரித்தாற்போல. மேன்லி, நார்த் ஸ்டெய்ன், குவீன்ஸ்க்ளிஃப் என்று மூன்று பெயர் சொன்னாலும் மணல் ஒன்றுதான். ஒரே வளைவாகச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். சிப்ஸ் வாங்கினோம். மேலே தூவிய உப்பின் பெயர் 'சிக்கன் சால்ட்' என்று கேட்டதும் மனைவி பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டாள். பேரில்தான் கோழி, பெரும்பாலும் உப்பில் இருக்காது என்று மகள் சொன்னது ராத்திரி. அதற்குள் பாதியை நானும் மீதியைக் கடற்காகங்களும் முடித்திருந்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கடற்கரையில் ஓர் இடத்தில் பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே கல்யாணப் பந்தி போலக் கூட்டம். கொடிக்கு வெளியே இருநூறடி தள்ளி ஒருவரும் இல்லை. அங்கே தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு அலையே இல்லை. கொஞ்சம் கருநீலமாக, பாய் விரித்த மாதிரி ஒரு பாதை. வயதானவனுக்கு ஏற்ற இடம் என்று நானே முடிவு கட்டினேன். மணலில் ஒரு பலகை இருந்தது. இங்கே நீந்தாதே என்ற படமும், தண்ணீரில் ஒருவன் ஒற்றைக் கையைத் தூக்கி நிற்கும் படமும். பார்த்தேன், படித்தேன். நீச்சல் தெரியாதவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்கால், தொடை, இடுப்பு. சுகமான குளிர்ச்சி. மார்பளவு வந்ததும் கால் தரையை விட்டது. அவ்வளவுதான். தள்ளவில்லை, அடிக்கவில்லை, உள்ளே இழுக்கவும் இல்லை. நகரும் படிக்கட்டில் நின்ற மாதிரி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மனைவியின் மஞ்சள் துப்பட்டா ஒரு விரல்நகம் அளவுக்கு இருந்தது.

கரையைப் பார்த்து நீந்தினேன். கிணற்றுக்குப் பத்து வீச்சு போதும். ஐம்பது வீச்சு போட்டும் அதே பைன் மரம் அதே இடத்தில் நின்றது. பிறகு அதுவும் சிறுத்தது. ஓய்ந்த தோள்கள் தீயாக எரிந்தன, வாயில் உப்பு. அப்போதுதான் அந்தப் பலகைப் படம் ஞாபகம் வந்தது. ஒற்றைக் கையைத் தூக்கினேன்.

கரையில் இருந்து என் மனைவியும் கையைத் தூக்கி ஆட்டினாள். ஆட்டிவிட்டு ஒரு படமும் எடுத்தாள்.

கூப்பிட மூச்சு இல்லை. ஆனால் கொடிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அந்தக் கையை வேறு மாதிரி படித்திருந்தாள். தாடையில் நாடா கட்டிய சிவப்பு மஞ்சள் தொப்பி, நீளப் பலகை. அதன்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் துழாவிக்கொண்டு வந்து சேர்ந்தாள். என் மகளைவிடச் சின்னவள். வந்ததும், தெருமுனையில் தெரிந்தவரைப் பார்த்தது போல "எப்படி இருக்கீங்க?" என்று அவர்கள் பாஷையில் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. பலகையைப் பிடிக்கச் சொன்னாள். கரையை நோக்கி நேராகப் போகவில்லை. பக்கவாட்டில் அலை உடைகிற இடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே அலையே எங்களைத் தூக்கிக் கரையில் போட்டது. நான் எந்த அலைக்குப் பயந்து ஒதுங்கினேனோ, அந்த அலை.

மணலில் உட்கார்த்தித் தண்ணீர் கொடுத்தார்கள். காசு ஒரு சென்ட்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண் குதிகாலால் மணலில் கோடு போட்டுக் காட்டினாள். இங்கே அலை வந்து விழுகிறது. இங்கேயும் விழுகிறது. வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அடிமணலில் பள்ளமான இடத்தைத் தேடி, வாய்க்கால் மாதிரி சேர்ந்து வெளியே ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் மேலே அலை உடையாது. ஆகவே புதிதாக வந்தவன் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடம். நம் மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். இவர்கள் இதற்கு ரிப் என்கிறார்கள். வேகம் கூடினால் ஒலிம்பிக் நீச்சல்காரனையும் அது வெளியே தள்ளிவிடும், என் கிணற்று நீச்சல் எந்த மூலைக்கு?

அங்கே கூட்டமில்லாததற்குக் காரணம் இதுதான், ஐயா. கூட்டம் கொடிக்கு நடுவே நிற்பது இடம் இல்லாமல் அல்ல. அன்றைக்கு எந்த இடம் பாதுகாப்பு என்று காவல்காரர்கள் பார்த்துக் கொடி நடுகிறார்கள். மணல் திட்டு நகர்ந்தால் கொடியும் நகரும். காலையில் நல்லதாக இருந்த இடம் மாலையில் ஆகாது. கொடியே இல்லாத கடற்கரை என்றால் காவலும் இல்லை, இறங்கவே கூடாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தித் தோளை ஓயவைக்காமல், மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில், அலை உடைகிற பக்கம் போக வேண்டும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது, காவலரைக் கூப்பிட வேண்டும். காவலர் இல்லாவிட்டால் அங்கே அவசர எண் 000. ஜீன்ஸோடு இறங்கும் நம் பிள்ளைகளை அன்றே நாலு பேரைப் பார்த்தேன். நனைந்த ஜீன்ஸ் எத்தனை கனம் என்று துணி துவைத்தவர்களுக்குத் தெரியும்.

2024 ஜனவரியில் மெல்போர்னுக்குத் தெற்கே பிலிப் தீவில், காவல் இல்லாத ஒரு கடற்கரையில், இந்திய வம்சாவளியினர் நால்வர் ஒரே நாளில் மூழ்கிப் போனார்கள். அந்தச் செய்தியை நான் காபி குடித்துக்கொண்டே படித்தவன். அடுத்தவர் வீட்டுச் செய்தியாகத்தான் படித்தேன்.

என்னைக் கொண்டுவந்த பெண்ணுக்குச் சம்பளம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. நகராட்சிக் காவலர்களோடு, வார இறுதிகளில் கடலோர மன்றங்களின் தொண்டர்களும் நிற்கிறார்கள். 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்தி இன்னும் பல பரீட்சைகள் தேறினால்தான் அந்தத் தொப்பி. பேர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றை மறுநாள் மகளின் கணினியில் படித்தேன். நீங்களும் ஓர் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன். ஒரு காலத்தில் மேன்லியில் பகல் வேளையில் கடலில் குளிக்கத் தடை இருந்தது. மானம் மரியாதைக் கணக்கு. 1902 அக்டோபரில் அவ்வூர்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், வில்லியம் கோச்சர், தடையை மீறிக் குளிக்கப் போவதாகத் தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார். வழக்குப் போட யாருக்கும் மனம் வரவில்லை. மறு ஆண்டே நகராட்சி, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும் உடை என்ற நிபந்தனையோடு பகல் குளியலை அனுமதித்தது. கூட்டம் கூடியது, முழுகுகிறவர்களும் கூடினார்கள், காப்பாற்றும் மன்றங்கள் அதன் பின்னால்தான் முளைத்தன. ஒரு பத்திரிகை ஆசிரியர் ஊரைக் கடலில் இறக்கிவிட்டார். நீங்கள் கொடியைப் பற்றி இரண்டு வரி போடலாம்.

மத்தியானம் முழுவதும் பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. படகுக்கு நடக்கும்போது மட்டும், "அவகிட்ட சொல்ல வேணாங்க, பயந்துருவா" என்றாள். சரி என்றேன்.

ஒரு மாற்றம் உடனே வந்துவிட்டது. கண்ணில் படுகிற பலகையை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படகில் உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, எத்தனை பேர் ஏறலாம், படிக்கட்டில் எந்தப் பக்கம் பிடித்து ஏறுவது, ஒன்று விடவில்லை. தபால்காரனுக்கு விலாசம் படிக்கத் தெரியும், எச்சரிக்கை படிக்க அன்றுதான் வந்தது.

சிட்னியில் பிப்ரவரி தொடக்கத்தில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். மகள் எங்களை ஓபரா ஹவுஸ் படிகளில் ஏற்றினாள். தூரத்தில் வெள்ளைப் பாய்மரமாகத் தெரிவது கிட்டே போனால் வெள்ளை இல்லை. கையளவுச் சதுர ஓடுகள், பளபளக்கும் வெள்ளை கொஞ்சம், மங்கலான பாலேட்டு நிறம் கொஞ்சம், மாற்றி மாற்றி. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். உள்ளங்கையை வைத்தேன், பகல் வெயில் இன்னும் அதில் இருந்தது. வரைந்து கொடுத்த டென்மார்க்காரர் யோர்ன் உட்சன் 1966-இல் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், 1973-இல் திறந்த பிறகும் கட்டி முடித்த கட்டடத்தைக் கண்ணால் பார்க்க வரவேயில்லை. அந்தக் கதையை மகள் சொன்னபோது மனைவி, "ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்" என்றாள். படகு ஏறிய பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

அந்த முனைக்குப் பெனலாங் முனை என்று பேர். பெனலாங் அந்த மண்ணின் பூர்வகுடி மனிதர். 1789 நவம்பரில், வந்திறங்கிய ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தது மேன்லி கோவ் என்ற குடாவிலிருந்து. எங்கள் படகு நின்ற அதே இடம். அடுத்த ஆண்டு அவருக்கு இந்த முனையில் ஒரு செங்கல் குடில் கட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் ஒரு நாளில் போய்வந்த தண்ணீர்ப் பாதை அது. அவர் அதை விரும்பிக் கடக்கவில்லை.

இருட்டியதும் தி ராக்ஸ் என்ற பழைய குடியிருப்புக்கு நடந்தோம். மணற்கல் சுவர்கள், சரிந்த தெருக்கள், மூலைக்கு ஒரு மதுக்கூடம். மகளின் அலுவலகத் தோழர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். என் மனைவி வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பப்புக்குள் நுழைந்தாள், கோயிலுக்குள் நுழைகிறவள் போல துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு சுற்று எல்லோருக்கும் வாங்க வேண்டும். அதற்கு 'ஷவுட்' என்று பேர், சத்தம் எதுவும் போட வேண்டியதில்லை. என் சுற்றை வாங்கினேன். எங்கள் இருவருக்கும் லெமன், லைம் அண்ட் பிட்டர்ஸ். குளிர்பானம்தான் என்று மகள் சத்தியம் செய்தாள். அந்தப் பிட்டர்ஸில் சொட்டு மது உண்டு என்பது அவள் சொல்லாமல் விட்ட பகுதி. குடும்பத்தில் அன்று ஆளுக்கு ஒரு ரகசியம்.

பலகை படிக்கும் வியாதி அங்கேயும் விடவில்லை. மது விற்கிற இடத்தில் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். நிதானம் தவறியவர்க்கு ஊற்றக் கூடாது என்பதும் சட்டம். வாசலில் நின்ற காவலர் தள்ளாடிய ஓர் இளைஞனை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். முன்பு நகரத்தின் மையத்தில் இரவு ஒன்றரைக்கு மேல் பெரும்பாலான மதுக்கூடங்களுக்குள் புதிதாக நுழைய முடியாது என்று கடுமையான விதி இருந்தது. 2014-இல் கொண்டுவந்து 2020-இல் எடுத்தார்கள். அது வந்தபோது ராத்திரி செத்துப்போனது என்றார் ஒரு தோழர், சண்டை குறைந்தது என்றார் மற்றவர். இரண்டு பேரும் அரை மணி நேரம் விவாதித்தார்கள். என் மனம் அதில் இல்லை.

அப்போதுதான் மகள் அம்மாவின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். படகு, பைன் மரம், சிப்ஸ், கடற்காகம். பிறகு ஒரு படத்தில் நின்றுவிட்டாள். விரல்களால் பெரிதாக்கினாள். நீலத்துக்கு நடுவே ஒரு கருப்புப் புள்ளி, புள்ளியிலிருந்து ஒரு கோடு.

"இது அப்பாவா? ஏம்மா இவ்ளோ தூரத்துல இருக்காரு?"

மனைவி தன் தம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்கப்பாவுக்குக் கூட்டம் பிடிக்காது."

நள்ளிரவு ரயிலில் திரும்பினோம். அங்கே ரயில்களுக்கு மாடி உண்டு. மாடியில் உட்கார்ந்து மகள் தூங்கிப் போனாள். மனைவி என் கையைப் பிடித்திருந்தாள், படகு எதுவும் ஆடாமலே.

இனி நீங்கள் எந்த நாட்டுக் கடற்கரையைப் பற்றிப் போட்டாலும், ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டி போடுங்கள். அந்த ஊரில் எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், காவல் இருக்கிறதா, அவசர எண் என்ன. மூன்று வரி போதும், விளம்பரத்துக்கு இடம் குறையாது. நான் கத்தரித்து வைத்த கட்டுரையையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தக் கடைசி வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறேன், மன்னிக்கவும்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். மகள் உங்கள் பத்திரிகையைப் போனில் தவறாமல் படிக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்